முத்துக்குப் பதில் சின்ன வெங்காயம்

புகழ்பெற்ற ஓவியம் ஒன்றை வீட்டுச் சாமான்களை வைத்துப் புகைப்படமாக எடுக்கப் போகிறோம் என்றதும் எல்லாரும் முதலில் பீரோவைத்தான் திறக்கிறார்கள். மஞ்சள் ரவிக்கை இருக்கிறதா, தலையில் கட்ட எந்தத் துண்டு சரிவரும், பாட்டியின் பழைய பட்டுப்புடவை எங்கே போனது என்று தேடல் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் படிந்துபோன வரிசை வேறு. முதலில் ஜன்னல். துணிமணி அதற்கு அப்புறம். சாமான் கடைசி.

இந்தப் பொழுதுபோக்கு உலகம் முழுக்கப் பரவியது 2020இல். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கெட்டி அருங்காட்சியகம் அந்த ஆண்டு மார்ச் 25ஆம் தேதி ஒரு சவால் விட்டது. பிடித்த ஓவியம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், வீட்டில் கிடக்கும் மூன்று பொருட்களை எடுங்கள், அந்த ஓவியத்தை மறுபடி உருவாக்கிப் படம் எடுத்துப் போடுங்கள், அவ்வளவுதான். இந்தியாவில் ஊரடங்கு தொடங்கியதும் அதே மார்ச் 25தான். கெட்டிக்கு முன்னோடி ஆம்ஸ்டர்டாமில் சில நாள் முன்னால் விளையாட்டாகத் தொடங்கப்பட்ட ஓர் இன்ஸ்டாகிராம் பக்கம். ரஷ்யர்களும் பேஸ்புக்கில் ஒரு குழு வைத்து இதையே பித்துப் பிடித்ததுபோல் செய்துகொண்டிருந்தார்கள். மேற்கே பலர் கழிப்பறைக் காகிதத்தைச் சுற்றி அந்தக் காலத்து மடிப்புக் கழுத்துப் பட்டைகளைச் செய்தார்கள். நம் வீடுகளில் அதற்குக் கஞ்சி போட்ட வேட்டி போதும், இன்னும் நன்றாகவே நிற்கும்.

கோயம்புத்தூரில் எங்கள் வாடகை வீட்டில் அப்போது நான், கணவர், மாமியார், லீவுக்கு வந்து எங்களோடு மாட்டிக்கொண்ட அக்கா மகள். ஊரடங்கு முடிந்தும் பழக்கம் விடவில்லை. அக்கா மகள் லீவுக்கு வரும்போதெல்லாம், "சித்தி, இந்தத் தடவை என்ன படம்?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவாள்.

மூன்று பொருள் என்ற அந்த விதி சோம்பேறிகளுக்காகப் போட்டதுபோல் தெரியும். உண்மையில் அதுதான் இந்த விளையாட்டின் உயிர். பத்துப் பொருள் அனுமதித்தால் கவனம் முழுக்கப் பொருள் சேர்ப்பதிலேயே போய்விடும், படம் நாடகக் கொட்டகைபோல் ஆகிவிடும். மூன்றே என்றால், இந்த ஓவியம் எதனால் இந்த ஓவியமாக இருக்கிறது என்று யோசித்தாக வேண்டும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரே இதைச் செய்திருக்கிறார். அவருடைய 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்தை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் ஆராய்ந்து 2022இல் சொன்ன தகவல் இது: பெண்ணின் தலைக்குப் பின்னால் ஜாடிகளைத் தொங்கவிடும் பலகையும், கீழே துணி காயவைக்கும் கூடை ஒன்றும் முதலில் இருந்தன. அப்புறம் அவரே அவற்றை மூடிவிட்டார். இன்று நாம் பார்க்கும் வெறும் சுவர், அவர் வேண்டாம் என்று விலக்கியதால் கிடைத்தது.

இனி ஜன்னல். வெர்மீரின் பெரும்பாலான ஓவியங்களில் வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து வருகிறது. அது நேர் வெயில் இல்லை, வானத்தின் வெளிச்சம். எங்கள் கூடத்து ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலை எட்டு மணிக்கு அதில் விழும் வெயிலில் முகத்தை வைத்தால் ஒரு கன்னம் வெந்ததுபோல் வெளுத்து, மூக்கின் நிழல் கத்திபோல் உதட்டில் விழும். அதே இடத்தில் பத்தரை மணிக்குமேல், வெயில் கூரைக்கு ஏறிவிட்ட பிறகு பார்த்தால் வெளிச்சம் கன்னத்தில் மெல்ல வழிந்து நிழலுக்குள் இறங்கும். காத்திருக்க முடியாது என்றால் ஜன்னலில் வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டலாம். நான்கு முழ வேட்டி ஒன்று, ஸ்டுடியோக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் பெரிய வெள்ளைத் திரையின் வேலையைச் செய்துவிடும்.

டியூப்லைட்டை அணைக்க வேண்டும். இதில் எங்கள் வீட்டில் எப்போதும் சண்டை வரும். இருட்டில் எப்படி படம் எடுப்பாய் என்று கணவர் போய்ப் போட்டுவிடுவார். ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், டியூப்லைட்டுக்கு வேறு நிறம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு பக்கம் நீலமும் இன்னொரு பக்கம் பச்சையும் பாய்ந்து, பிறகு எந்த ஆப்பிலும் சரிசெய்ய முடியாது. சுவரும் சும்மா இருக்காது. எங்கள் கூடத்துக்கு வீட்டுக்காரர் அடித்திருப்பது வெளிர் பச்சை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அந்தப் பச்சையையும் கன்னத்தில் கொண்டுவந்து பூசும். அதனால் நிழல் பக்கத்தில் ஒரு துணி வைத்தே ஆக வேண்டும். நிழல் இன்னும் ஆழமாக வேண்டும் என்றால் கருப்பு, கொஞ்சம் தெளிய வேண்டும் என்றால் வெள்ளை.

கருப்புத் துணிக்கு எங்கும் போக வேண்டாம். சபரிமலைக்கு மாலை போட்ட வீடுகளில் கருப்பு வேட்டி இருக்கும். பின்னணிக்கும் அதுவே. ஆனால் அதை ஆளின் முதுகோடு ஒட்டிக் கட்டினால் சுருக்கம் எல்லாம் தெரியும். ஆளுக்கும் துணிக்கும் நடுவில் நாலைந்து அடி விட்டால் ஜன்னல் வெளிச்சம் துணிக்குப் போய்ச் சேர்வதற்குள் தேய்ந்துவிடும், சுருக்கமும் இருட்டுக்குள் போய்விடும்.

வீட்டின் அமைப்பால் ஜன்னல் வலப்பக்கம்தான் வரும் என்றால் அப்படியே எடுத்துவிட்டுப் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஓவியம் என்றால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். புடவை கட்டிய ஓவியம் என்றால் இந்த வித்தை எடுபடாது. முந்தானை வலத் தோளுக்குப் போய்விடும், முதல் ஆளாக மாமியார் கேட்பார்.

'முத்துத் தோடு அணிந்த பெண்'ணில் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். 1665ஐ ஒட்டி வெர்மீர் வரைந்தது. ஹேக் நகரில் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகம் முழுக்கத் தெரிந்த முகம் என்றாலும் அளவு 44.5க்கு 39 சென்டிமீட்டர்தான். அக்கா மகளுக்குப் பழனியில் வாங்கிய மஞ்சள் துண்டும், ஒரு நீலத் துப்பட்டாவும். துப்பட்டாவை நெற்றியில் இறுக்கிக் கட்டி, ஒரு முடிகூட வெளியே தெரியாமல் உள்ளே தள்ள வேண்டும். மஞ்சள் துண்டு உச்சியிலிருந்து பின்பக்கம் தொங்க வேண்டும். இவ்வளவும் கால் மணி நேர வேலை.

தோடுதான் நேரத்தைத் தின்றது. முதலில் வெள்ளையாக, உருண்டையாக இருப்பதெல்லாம் முத்தாகிவிடும் என்று அந்துருண்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். படத்தில் அது சுண்ணாம்பு உருண்டைபோல் செத்துக் கிடந்தது. கோலிக்குண்டு வைத்தால் அது தன் பின்னால் இருப்பதையெல்லாம் உள்வாங்கிக்கொண்டு கறுத்துப்போனது. அப்போதுதான் மூல ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பெரிதாக்கினால் அங்கே முத்து என்று ஒன்றும் இல்லை. மேலே ஜன்னல் பிரதிபலிக்கும் ஒரு கெட்டியான வெள்ளைத் தீற்று, கீழே அவளுடைய சட்டைக் கழுத்தின் வெண்மை பட்டுத் தெறிக்கும் மங்கலான ஒரு வளைவு, அவ்வளவுதான். மௌரிட்ஸ்ஹவுஸில் 2018இல் அபி வான்டிவியர் தலைமையில் ஓவியத்தை நுட்பமான கருவிகளால் ஆராய்ந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தத் தோட்டுக்குக் கொக்கியே வரையப்படவில்லை, அது காதில் மாட்டாமல் சும்மா மிதக்கிறது என்பதை அதிலும் சொல்லியிருந்தார்கள். ஆக, வேண்டியது வெள்ளை உருண்டை இல்லை. மேலே ஒரு பளிச், கீழே ஒரு மங்கல், இந்த இரண்டையும் ஏந்தும் வழவழப்பு.

சமையலறையில் அது இருந்தது. தோலை உரித்து, ஊதா நிறம் போக இன்னும் ஓர் அடுக்கு கழற்றி, தண்ணீரில் முக்கிய சின்ன வெங்காயம். நீர்த்துளி வடிவம், ஈரப் பளபளப்பு, உள்ளிருந்து லேசாக வெளிச்சம் கசியும் சதை. கருப்பு நூலில் கட்டி, செல்லோடேப்பால் காதின் பின்னால் ஒட்டினோம். கழுத்தில் சட்டைக்குப் பதில் வெள்ளைக் கைக்குட்டையை மடித்து வைத்ததும் வெங்காயத்தின் அடிவயிறு தானாக வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் காரம் ஏறிப் பிள்ளையின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அந்த ஓவியத்தின் கண்களில் இருக்கும் ஈர மினுக்கம் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. உதட்டு மினுக்கத்துக்கு ஒரு துளி தேங்காய் எண்ணெய்.

இதற்கு அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறிவிட்டது. மஞ்சளுக்கு மஞ்சள், உருண்டைக்கு உருண்டை என்று ஒப்பிடுவதில்லை. இந்தச் சாமான் வெளிச்சத்தை என்ன செய்கிறது? குடிக்கிறதா, சிதறடிக்கிறதா, ஒரே புள்ளியில் திருப்பி அடிக்கிறதா? ஓவியத்தில் அந்த இடம் என்ன செய்கிறதோ, அதையே செய்யும் எதுவும் சரி. எவர்சில்வர் சொம்பு வடிவத்தில் மண் ஜாடிபோலவே இருக்கும், ஆனால் கண்ணாடிபோல் அறையையே காட்டிவிடும், படம் எடுப்பவர் உட்பட. அதன்மேல் கடலைமாவைக் கரைத்து மெல்லப் பூசிக் காயவைத்தால் மண்பாண்டமாகவே தெரியும்.

முத்துத் தோட்டுப் பெண்ணைப் பற்றிய அதே ஆராய்ச்சியில் வந்த இன்னொரு செய்தியும் எங்களுக்கு உதவியது. இன்று கறுப்பாகத் தெரியும் அந்தப் பின்னணி முதலில் பச்சைத் திரைச்சீலையாம். நிறம் காலப்போக்கில் மங்கிவிட்டது. கருப்பு வேட்டி கிடைக்காதவர்கள் கரும்பச்சைப் போர்வையைத் தைரியமாகத் தொங்கவிடலாம். யாராவது கேட்டால் இதுதான் அசல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

'பால் ஊற்றும் பெண்'ணுக்கு அத்தையைத்தான், அதாவது மாமியாரைத்தான், கேட்டேன். அத்தையின் தோளும் கையும் அந்தப் பெண்ணுடையதுபோலவே உழைத்துத் திரண்டவை. மஞ்சளாக ஒரு பழைய சுடிதார் மேல்சட்டை, நீல ஏப்ரனுக்கு மாமாவின் லுங்கி, தலைக்கு வெள்ளைத் துண்டு. பால் வீணாகும் என்பது அத்தையின் முதல் ஆட்சேபம். அரிசி கழுவிய தண்ணீரில் கொஞ்சம் அரிசிமாவு கரைத்ததும் அது தீர்ந்தது. வெறும் கழுநீர் கண்ணாடிபோல் தெரியும், மாவு கலந்தால்தான் பால் நிறம் நிற்கும். இரண்டாவது ஆட்சேபம் வேகம் பற்றியது.

"அத்தை, இன்னும் மெதுவா ஊத்துங்க. நூல் மாதிரி வரணும்."

"இப்படி ஊத்துனா எந்தக் காலத்துல அம்மிணி காப்பி குடிக்கறது? அந்தப் பொம்பளைக்கு வேற வேலையே இல்லையாட்டம்."

ஊற்றும் நூலில் ஒரு நுட்பம் இருக்கிறது. போனை அதன் போக்கில் விட்டால், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது அது மிக வேகமாகப் படத்தை அறுத்துவிடும். பால் துளித்துளியாக உடைந்து அந்தரத்தில் நிற்கும். ஓவியத்தில் இருப்பதோ அறுபடாத, லேசாக முறுகிய ஒரே இழை. அளவுகளை நாமே மாற்றிக்கொள்ள விடும் ப்ரோ மோடில், ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, 1/60 அல்லது 1/30 வினாடிக்கு இறக்கினால் இழை சேர்ந்துகொள்ளும். ஆனால் அந்த வேகத்தில் கை நடுங்கினாலும் படம் கலங்கும். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து, டைமர் வைத்து எடுப்பதே வழி. ஊற்றுபவர் மூச்சை அடக்க வேண்டும். அத்தை அதை நன்றாகச் செய்தார், டைமர் எண்ணி முடிக்கும்வரை பேசாமல் இருந்ததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஓவியத்தில் ரொட்டியின் மேல் வெர்மீர் சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகளை வைத்திருக்கிறார். மொறுமொறுப்பு கண்ணுக்கே தெரியும். கடையில் விற்கும் பால் ரொட்டி இதற்கு உதவாது, அது பஞ்சுபோல் வெளிச்சத்தைக் குடித்துவிடும். ஊட்டி வர்க்கி வைத்தோம். அதன் செதில் செதிலான மேல்பரப்பில் ஜன்னல் வெளிச்சம் பட்டதும் பொட்டுகள் தானாக வந்தன. எள் தூவிய பன்னும் ஓரளவுக்குச் சரிவரும்.

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெர்மீர் அந்தச் சுவரில் ஓர் ஆணியையும் அதன் நிழலையும், ஆணி பிடுங்கிய ஓட்டைகளையும் வரைந்திருக்கிறார். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். எங்களுக்கு முன் குடியிருந்தவர்கள் காலண்டர் மாட்டிய ஆணிகள் எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றைப் படத்தில் அழிக்கத் துடிக்கும் கையைக் கட்டிவைக்க வேண்டும். போனின் 'அழகுபடுத்தும்' வசதியையும் அணைத்துவிட வேண்டும். அது அத்தையின் கையில் இருந்த சுருக்கங்களை மெழுகிவிட்டது, அந்தக் கைக்காகத்தான் அவரை நிற்கவே வைத்தோம்.

கேமரா உயரமும் முக்கியம். அந்தப் பெண்ணைக் கொஞ்சம் கீழிருந்து பார்ப்பதுபோல் அமைந்திருப்பதால்தான் அவள் சிலைபோல் ஓங்கி நிற்கிறாள். நாம் வழக்கமாக நம் கண் உயரத்தில் போனைப் பிடித்து எடுக்கிறோம், ஆள் குட்டையாகிவிடும். படம் எடுப்பவர் முக்காலியில் உட்கார்ந்துகொண்டால் போதும்.

எல்லா முகப் படங்களுக்கும் பொருந்துகிற ஒன்று: கிட்டப் போகாதீர்கள். போனின் பிரதான லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. கிட்டப் போனால் மூக்கு முன்னால் வந்து காது பின்னால் ஓடிவிடும், எந்த ஓவியரின் முகமும் அப்படி இருக்காது. ஆறேழு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் முகம் தன் அளவுக்குத் திரும்பும். எடுத்த பிறகு ஓவியத்தின் நீள அகல விகிதத்திலேயே வெட்ட வேண்டும். வெர்மீரின் இந்த இரண்டு ஓவியங்களும் ஏறக்குறையச் சதுரம். போன் தரும் நீளப் படத்தை அப்படியே விட்டால் என்ன செய்தும் ஓவியத்தின் சாயல் வராது, வெட்டியதும் பாதி சாயல் வந்துவிடும். அப்புறம் ஓவியம், நம் படம் இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நிறம் ஏமாற்றும், வெளிச்சமும் இருட்டும் ஏமாற்றாது. ஒப்பிடுவதற்கான பெரிய படங்களை ரைக்ஸ்மியூசியம், மௌரிட்ஸ்ஹவுஸ் தளங்களிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஓவியத்தைப் புகைப்படமாக்குவது ஊரடங்கில் பிறந்த கலை இல்லை. பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா, கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த தென்னிந்தியப் பெண்கள் பற்றிய வரிசையில், ரவிவர்மாவின் நிலவொளிப் பெண்ணாகத் தானே வேடமிட்டு உட்கார்ந்தார். சென்னையில் சுஹாசினியின் 'நாம்' அமைப்புக்காக ஜி. வெங்கட் ராம் எடுத்த 2020ஆம் ஆண்டுக் காலண்டரில் நடிகைகள் ரவிவர்மா ஓவியங்களாக நின்றார்கள். நகை, ஒப்பனை, விளக்கு என்று பெரிய குழுவின் உழைப்பு அது. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் ரவிவர்மாவை எடுக்கக் கிளம்புகிறவர்கள் அநேகமாக நகையில் தோற்கிறார்கள். கவரிங் நகை கேமராவில் கண்ணைக் குத்தும். என் யோசனை, நகை குறைவாகவும் வெளிச்சம் வலுவாகவும் உள்ள ஓவியத்தை எடுங்கள்.

அப்படி ஒன்று மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. கையில் விளக்கேந்தி, மற்றக் கையால் சுடரை மறைத்தபடி நிற்கும் பெண். நம் ஊரில் பல வீடுகளில் பிரிண்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். பெரும்பாலானவர்கள் ரவிவர்மா ஓவியம் என்றே நினைக்கிறார்கள். வரைந்தவர் எஸ்.எல். ஹல்தங்கர், மாதிரியாக நின்றவர் அவருடைய மகள் கீதா. அது எண்ணெய் வண்ணம்கூட இல்லை, நீர்வண்ணம். அந்த ஊடகத்தில் பளிச்சிடும் இடம் என்பது பெரும்பாலும் வண்ணம் தொடாமல் விட்ட காகிதம்தான். முதலிலேயே கணக்குப் போட்டு வெளிச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சுற்றிலும் இருட்டை ஏற்ற வேண்டும்.

புகைப்படத்திலும் அதே கணக்குதான், ஆனால் நிஜ விளக்கு ஒத்துழைக்காது. அகலோ காமாட்சி விளக்கோ ஏற்றிப் பிடித்தால், முகம் தெரியும் அளவுக்குக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும்போது சுடர் வெள்ளைப் பொத்தலாகிவிடும். சுடர் சரியாக வந்தால் முகம் காணாமல் போகும். நாங்கள் செய்தது: விளக்கை ஏற்றாமல், மறைக்கும் உள்ளங்கைக்குள் சின்ன எல்இடி டார்ச் ஒன்றைப் பதுக்கி, அதன்மேல் ஆரஞ்சு நிறக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டு மடிப்பாகச் சுற்றினோம். டார்ச் முகத்தைப் பார்த்து இருக்க வேண்டும், கேமராவுக்குத் தெரியக் கூடாது. விளக்குத் தலையும் கைக்குப் பின்னால் மறைந்துவிடுவதால் சுடர் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் சந்தேகம் வராது.

விரல்களுக்கு நடுவே சிவப்பாகக் கசியும் வெளிச்சம்தான் அந்த ஓவியத்தின் மந்திரம். சதையும் இரத்தமும் மற்ற நிறங்களை விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் கொஞ்சம் கடத்தும். டார்ச் விரலை ஒட்டி இருந்தால்தான் அது நடக்கும், இரண்டங்குலம் தள்ளிப் போனாலே விரல் வெறும் கறுப்பு நிழலாகிவிடும். காகிதம் சுற்றினால் வெளிச்சம் குறையுமே என்றால், விரலை ஒட்டிய பக்கம் காகிதம் இல்லாமலும் முகம் பார்க்கும் பக்கம் காகிதத்தோடும் வைக்கலாம். ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்தைச் சமன்செய்யும் வசதியை, தானியங்கியாக விடக்கூடாது. போன் அந்த ஆரஞ்சை ஒரு குறையாக நினைத்து வெளுக்கப் பார்க்கும். 'வெயில்' என்ற குறியில் நிறுத்திவிட்டால் சூடு அப்படியே தங்கும். கன்னத்தைத் தொட்டு ஃபோகஸ் வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்துவிடுங்கள். திரையில் பார்க்க இருட்டாகத் தெரியும் அளவுதான் பிறகு சரியாக இருக்கும்.

நைட் மோடு எங்களுக்குப் பிடிக்கவில்லை. அது பல படங்களை ஒட்டி அறையையே பகலாக்கிவிடுகிறது. நிஜச் சுடர்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் பருத்திப் புடவை, பின்னிய கூந்தல், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், வேடமிடுபவரைத் தவிர இன்னொரு பெரியவர். சிந்தெடிக் புடவையோடு சுடர் அருகில் நிற்கவே கூடாது, அது உருகித் தோலில் ஒட்டும். பிள்ளைகளிடம் எப்போதும் டார்ச்தான்.

ஆள் கிடைக்காத நாளுக்கு ஆர்ச்சிம்போல்டோ இருக்கிறார். இவர் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர், பழம் காய்களை அடுக்கியே மனித முகம் வரைந்தவர். பேரரசர் இரண்டாம் ருடால்பை 1591ஐ ஒட்டி முழுக்கப் பழமும் காயுமாக வரைந்து அவருக்கே அனுப்பினார். பேரரசர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆர்.எஸ். புரம் உழவர் சந்தையில் ஒரு பை வாங்கினால் போதும். தரையில் கருப்பு வேட்டியை விரித்துக் காய்களை அதன்மேல் முகமாக அடுக்கி, ஸ்டூலில் ஏறி மேலிருந்து எடுக்கலாம், எதுவும் விழாது. ஆனால் மேலிருந்து எடுக்கும்போது தட்டையாகிவிடும் ஆபத்து உண்டு. ஜன்னலுக்கு அருகே தரையில் அடுக்கி, வெளிச்சம் பக்கவாட்டில் தவழ்ந்து வரும்படி செய்தால் புடைப்புத் தெரியும். வழவழப்பான கத்தரிக்காய் மூக்குக்கு நல்லது, அதன் முதுகில் விழும் வெள்ளைக் கோடே மூக்குத் தண்டாகிவிடும். சொரசொரப்பான சேனையைத் தாடைக்கு வைக்கலாம். அவருடைய 'காய்கறித் தோட்டக்காரர்' என்ற ஓவியம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். நேராகப் பார்த்தால் கிண்ணம் நிறையக் காய்கறி, தலைகீழாகத் திருப்பினால் கிண்ணத்தைத் தொப்பியாகப் போட்ட முகம். எங்கள் கிண்ணம் இரும்பு வாணலி, மூக்கு முள்ளங்கி, கன்னங்கள் பெரிய வெங்காயம். மத்தியானம் அத்தனையும் சாம்பாரில் போய்விட்டது.

வெளியே போடும்போது ஓவியர் பெயர், ஓவியத்தின் பெயர், அது இருக்கும் இடம் மூன்றையும் சேர்த்தே போடுங்கள், மூல ஓவியத்தையும் பக்கத்தில் வையுங்கள். மூலம் பக்கத்தில் இல்லாமல் வெங்காயத் தோட்டின் நகைச்சுவை பாதிப் பேருக்குப் புரியாது. காலண்டர், அட்டை என்று அச்சடித்து விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பதிப்புரிமையைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் ஓவியர் இறந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு அது நீடிக்கும். வெர்மீருக்கும் 1906இல் காலமான ரவிவர்மாவுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

முதல் முறை செய்கிறவர்கள் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் நான் வெர்மீரைச் சொல்ல மாட்டேன். ஸ்பெயின் நாட்டு சாஞ்செஸ் கோட்டான் 1602ஐ ஒட்டி வரைந்த ஒரு படம் அமெரிக்காவில் சான் டியேகோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கல் மாடம், அதற்குள் முழு இருட்டு. மேலே இடப்பக்கம் ஒரு சீமை மாதுளம்பழம் (குயின்ஸ்) நூலில் தொங்குகிறது, கொஞ்சம் தள்ளிக் கீழே முட்டைக்கோஸ் தொங்குகிறது, விளிம்பில் வெட்டிய முலாம்பழம், கடைசியில் வெள்ளரிக்காய். நான்கும் சேர்ந்து ஒரு வளைவாக இறங்குகின்றன. அதை வரைந்த கொஞ்ச காலத்தில், 1603இல், கோட்டான் பட்டறையை மூடிவிட்டு மடத்தில் சேர்ந்துவிட்டார். உட்காரச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டாம், ஆடை வேண்டாம், எதுவும் அசையாது. நம் வீட்டுச் சுவர் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து உள்ளே கருப்புத் துணி ஒட்டினால் மாடம் தயார். சீமை மாதுளைக்குப் பதில் பழுத்த கொய்யா. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து மட்டும். வெள்ளரிக்காயும் முலாம்பழக் கீற்றும் விளிம்பைத் தாண்டி நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அவற்றின் நிழல் விளிம்பின் முகப்பில் விழ வேண்டும். அந்த நிழல் இல்லாவிட்டால் ஆழமே வராது. தொங்கவிடும் நூலை மறைக்க வேண்டாம், வெள்ளை நூலையே கட்டுங்கள், கோட்டானும் அதைத் தெரியும்படிதான் வரைந்திருக்கிறார். முட்டைக்கோஸுக்கு மட்டும் இரட்டை நூல், எங்கள் அலமாரியில் அது ஒற்றை நூலை அறுத்துக்கொண்டு முலாம்பழத்தின் மேலேயே விழுந்தது.